வீட்டுச் சண்டை கடலுக்கு ஆகாது

தென்கரை, லெம்பாத்தா தீவு
29 ஜூன் 1996

தம்பி பியுஸுக்கு உன் மதினி பெர்னெத்தா எழுதுவது.

நானும் இமெல்டாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ லபுவான் பாஜோ போய்ச் சேர்ந்திருப்பாய். நீ படகு காட்டக் கூட்டி வந்த வெள்ளைக்காரர்களும் சேர்ந்திருப்பார்கள்.

உன் அண்ணனுக்குக் குழி மூடும் வரைக்குமாவது நிற்பாய் என்று நினைத்தேன். உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கிற மாதிரி அவருக்கும் பெட்டிக்குள் சுருள் சங்கு வைத்தோம். அதைச் சுற்றி அவருடைய பூசைச் சட்டையை நான்தான் மடித்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணோம். லாரி கிளம்புகிறது என்று ஓடிவிட்டாயாம். பங்குச் சாமியார், "பியுஸ் எங்க?" என்று கேட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போனதும் குலத்துக்கு மூத்தவரான லூகாஸ் மாமா என்னைக் குலவீட்டுக்குக் கூப்பிட்டார். படகில் போன எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுல சண்டை இருந்தாத்தான் கடல் ஆளக் கேக்கும். அன்னிக்குக் காலையில உன் சத்தம் கோயில் வரைக்கும் கேட்டுச்சாமே. ஈட்டிக்குப் போற மனுஷன்கிட்ட என்னம்மா சண்டை?"

"சண்டை இல்ல மாமா."

"சத்தம் போட்டியா, இல்லியா?"

"போட்டேன்."

"அப்புறம் என்ன?"

நான் என்ன சத்தம் போட்டேன் என்று உனக்குத் தெரியும். "உங்க தம்பிகிட்ட பேசிட்டு ஏறுங்க, பேசாம ஏறாதீங்க" என்றுதான் கத்தினேன். முந்தின சாயங்காலம் படகுக் கொட்டகைக்குப் பின்னால் நீயும் அவரும் போட்ட சண்டை அப்படி. உன் கேமராக்காரன் படகு முனையில், அணியத்துப் பலகையில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாய். அங்கே ஈட்டிக்காரனைத் தவிர யாரும் நிற்கக் கூடாது என்றார். "நான் ஆள் கூட்டிட்டு வரலேன்னா நீ வெறும் மீன் நாத்தம்தான்" என்று சொன்னாயாம். அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். விடிந்ததும் அண்ணனும் தம்பியும் ஒரே படகில் ஏறினீர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். ஈட்டியோடு திமிங்கிலத்தின் மேல் பாய்ந்தார். ஈட்டியில் கட்டிய வடம் காலைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனது.

இதை நீயே வந்து சொல்ல வேண்டும் என்று நான் அங்கே சொல்லவில்லை. இப்போது நான் புருஷனிடம் சண்டை போட்டேன் என்று ஒப்புக்கொண்டு, சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கும் வரை நம் படகு கொட்டகையை விட்டு இறங்காதாம்.

நீ வா. யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள். சண்டை போட்ட இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் சிரட்டைத் தண்ணீரைக் குடித்துச் சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டும். உனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. வந்து எடுத்துவிட்டுப் போ. அவர் பெயரும் என் பெயரும் சுத்தமாகும்.

மதினி பெர்னெத்தா


லபுவான் பாஜோ
17 ஜூலை 1996

அன்பு மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணனை நினைக்காத நாள் இல்லை. குழி மூடும்வரை நிற்க முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். வந்தவர்களுக்கு விமானம் இருந்தது.

இப்போது எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ராட்சத உடும்புத் தீவுக்குத் தினமும் படகு போகிறது. இத்தாலிக்காரர்கள், ஜெர்மன்காரர்கள் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாரும் கடைசியில் கேட்பது நம் கரையைத்தான். கட்டையும் கயிறுமாகத் திமிங்கிலம் பிடிக்கிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

மதினி, வடத்தில் கால் மாட்டியது, அண்ணன் போனார். அவ்வளவுதான். அதற்கும் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதற்கும் என்ன சம்பந்தம்? பழைய காலத்து மூட நம்பிக்கை. அண்ணனும் நானும் பேசியது விளையாட்டுப் பேச்சு.

ஆனாலும் லூகாஸ் பெரியப்பாவை எதிர்த்து நீங்கள் அங்கே வாழ முடியாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சிரட்டைத் தண்ணீரைக் கொடுப்பார்கள், முடிந்தது. நான் சொன்னால் அப்படி முடியாது. வெளிநாட்டுக்காரர்களை ஏற்றியதால்தான் வந்தது என்று திருப்புவார்கள். இனி ஒருவரையும் ஏற்றாதே என்பார்கள். அவர்களைத் தங்கவைத்துப் பிழைக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று யோசியுங்கள்.

அங்கே இருக்க முடியவில்லை என்றால் இமெல்டாவோடு இங்கே வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த விடுதிச் சமையலறையில் ஆள் தேடுகிறார்கள்.

அன்புடன்
பியுஸ்


தென்கரை, லெம்பாத்தா
3 ஆகஸ்ட் 1996

தம்பி பியுஸுக்கு,

ஒரு வார்த்தைதானே என்கிறாய்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். உப்பிட்ட திமிங்கிலக்கறியைக் கொடுத்துவிட்டுச் சோளம் வாங்கலாம் என்று கூடையை விரித்தேன். மலைக்காரி ஒருத்தி கறியை எடுத்து மோந்து பார்த்தாள். நல்ல கறி என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவள் காதில் ஏதோ சொன்னாள். கறியைப் போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "புருஷனையே கடலுக்குத் தின்னக் குடுத்தவ கைக்கறி நமக்கு எதுக்கு?" என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்கள். சுமந்து போன கூடையை அப்படியே சுமந்து வந்தேன்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். இமெல்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "நீ திட்டுனதுனாலதான் அப்பா வரலியாம்மா?"

நீ சொல்கிற அந்த ஒரு வார்த்தையை இவளுக்கும் சேர்த்து நான் சொல்ல வேண்டும். ஆமாம் மகளே, உன் அப்பாவை நான்தான் கொன்றேன் என்று. அவள் வளர்ந்து, கல்யாணம் கட்டி, ஈட்டிக்காரன் ஒருவனுக்குச் சோறு போடும்போதும் அதை நினைத்துக்கொண்டே போட வேண்டும்.

விளையாட்டுப் பேச்சு என்கிறாய். விளையாட்டுக்கா அவர் சாப்பிடாமல் படுத்தார்?

மூட நம்பிக்கை என்கிறாய். போன வருஷம் நீ கூட்டி வந்தவர்கள் கொட்டகை முன்னால் நின்றபோது நான் அங்கேதான் வலை உலர்த்திக்கொண்டிருந்தேன். "வீட்டில் சண்டை இருந்தால் கடல் ஈட்டிக்காரனைத் திருப்பித் தராது" என்று நீ கையை ஆட்டி ஆட்டி அவர்களுடைய மொழியில் சொன்னாய். என்ன சொன்னாய் என்று உன் அண்ணன் கேட்டதற்கு நம் மொழியிலும் சொன்னாய். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். விற்கும்போது அது நம்பிக்கை. உன்மேல் வந்து விழுந்தால் மட்டும் மூட நம்பிக்கையா?

விடுதிச் சமையலறையை வேறு யாருக்காவது கொடு. என் அடுப்பு இங்கேதான் எரியும். நீ வா.

பெர்னெத்தா


லபுவான் பாஜோ
19 ஆகஸ்ட் 1996

மதினிக்கு,

உங்களுக்கு யார் எழுதித் தருகிறார்கள்? பள்ளிக்கூடத்து வாத்தியாரா, சாமியாரா? நாலாவதோடு நின்றவர்களுக்கு இவ்வளவு கூர்மை வராது. எழுதித் தருகிறவரிடம் சொல்லுங்கள், குடும்ப விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று.

நான் வர மாட்டேன். அந்தக் கரையில் பிறந்த எத்தனையோ பேர் வெளியே போனார்கள். ஒருவராவது அதன் பெயரை உலகத்துக்குச் சொன்னார்களா? நான் சொன்னேன். நான் இல்லையென்றால் அது வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அதற்குப் பரிசாக நான் சிரட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலை குனிந்து நிற்க வேண்டுமா?

உண்மையைக் கேட்டால் உங்களுக்கு வலிக்கும். அண்ணனைக் கடைசியாகக் கத்தி அனுப்பியது நீங்கள். அதை ஊரே கேட்டது. நான் பேசியதை யார் கேட்டார்கள்? கேட்டவர் ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

பியுஸ்


தென்கரை
2 செப்டம்பர் 1996

பியுஸ்,

எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. உன் அண்ணன் போன பிறகு எனக்குப் பேச ஆள் இல்லை, அதனால் எழுத வருகிறது.

நேற்று ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். நல்லவள்தான். கொஞ்சம் மலாய் தெரிந்தவள். வாசலில் நின்று, "கஸ்பர் மனைவி நீங்கதானா?" என்றாள். ஆமாம் என்றேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம் நீங்க. காலையில கோபத்துல ஏதோ சொல்லிட்டீங்க. அதுக்குப் போய் இவ்வளவு பெரிய தண்டனையா?"

"யார் சொன்னா?"

"பியுஸ். படகுல போகும்போது சொன்னார். எல்லாரும் அழுதோம்."

பிறகு இமெல்டாவுக்கு மிட்டாய் கொடுத்தாள். உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் கதவைச் சாத்தினேன். கதவையும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

உன் அண்ணன் உயிரோடு இருந்தபோது அவர் பாய்வதைக் காட்டினாய். இப்போது என்னைக் காட்டுகிறாய்.

கேட்டவர் ஒருவரைக் காட்டச் சொன்னாய். கதவைத் திறந்துகொண்டு நேரே கரைக்குப் போனேன். நம் படகில் துடுப்புப் போடுகிற மத்தேயுஸ் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி கிறிஸ்தினாவும் இருந்தாள். எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"மத்தேயுஸ், அன்னிக்குச் சாயங்காலம் நீ கொட்டகைக்குள்ளதான இருந்த? அண்ணன் தம்பி பேச்சு உன் காதுல விழுந்துதா, இல்லியா?"

அவன் கயிற்றையே பார்த்தான். கிறிஸ்தினா கையிலிருந்த கூடையால் அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

"வாயில என்ன, உப்பா? எங்கிட்ட வந்து சொன்னியே! மீன் நாத்தம்னு சொன்னான், கஸ்பர் முகம் செத்துப்போச்சுன்னு எங்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதுல்ல? இப்ப சொல்லு!"

"கேட்டேன்" என்றான்.

லூகாஸ் மாமா வலைக்குப் பக்கத்திலிருந்து எழுந்தார். "ஏண்டா இத்தன நாளா சொல்லல?"

"பியுஸ் அனுப்புற ஆளுங்க என் வீட்டுலதான மாமா தங்குறாங்க."

"தங்கட்டும். உன் நாக்குலயுமா தங்கினாங்க?"

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கூப்பிடுவது நான் இல்லை, குலவீடு. பருவம் முடிந்து கடல் மூடுவதற்குள் வந்து உன் சொல்லைத் திரும்ப எடு என்கிறார் மாமா. லாரிக்காரரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பெர்னெத்தா


தென்கரை, லெம்பாத்தா தீவு
6 அக்டோபர் 1996

மதிப்புக்குரிய பியுஸ் ஐயா அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. லாரிக்காரர் உங்களை நேரில் பார்த்துச் சொன்னதாகச் சொன்னார். நீங்கள் சிரித்தீர்களாம்.

மற்ற வீட்டுப் படகுகள் எல்லாம் கடலுக்குப் போயின. நம் படகு கொட்டகையிலேயே கிடந்து பலகை வெடித்தது. சந்தைக்குக் கொண்டுபோகக் கறி இல்லாமல் கிறிஸ்தினா வாழைக்காயைக் கொண்டுபோனாள். வாழைக்காய் விளைவிக்கிற மலைக்காரர்களிடமே அதை விற்கப் போன முதல் கடற்கரைக்காரி நான்தான் என்று அவளே சிரித்துக்கொண்டாள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால், "எப்பம்மா சமாதானம்?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் குலவீட்டில் கூடினோம். மாமா சொன்னார்: "இப்ப ரெண்டு சண்டை கெடக்கு இந்த வீட்டுல. அண்ணன் தம்பி சண்டை ஒண்ணு. மதினி கொழுந்தன் சண்டை ஒண்ணு. ரெண்டுலயும் இருக்கிற ஆளு வர மாட்டேங்கிறான். நான் எப்படிப் படகத் தள்ளச் சொல்லுவேன்?"

நான் எழுந்து கேட்டேன்.

"மாமா, நம்ம வீட்டு ஆளோட போடுற சண்டைதான கடலுக்கு ஆகாது?"

"ஆமா."

"வெளியாளோட?"

"சந்தையில தினமும் சண்டை போடுறீங்க. அதுக்கெல்லாம் பயந்தா வருஷம் பூரா படகு கொட்டகையிலதான். வெளியாள் சண்டை காத்து மாதிரி, படகுல ஒட்டாது."

"அப்ப பியுஸ் இனி வெளியாள்."

மாமா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்ப எழுந்து வெளியே போனார். உங்களைத் தோளில் தூக்கி வளர்த்தவர். துப்பிவிட்டு வந்து, "நீ சொல்லிட்ட. நான் சொல்லணுமே" என்றார். பிறகு சொன்னார். இனி திமிங்கிலம் வெட்டும்போது உங்கள் பங்கு என்று ஒரு துண்டு கிடையாது. இந்த வீட்டுச் சாவுக்கு உங்களுக்கு ஆள் வராது, உங்கள் சாவுக்கு இந்த வீட்டு ஆள் வராது. இமெல்டா என் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்த்து மாமா, "உங்கம்மா சத்தம் போட்டது உங்கப்பாவ நிறுத்த இல்ல, அண்ணன் தம்பிய சேத்து வைக்க. தெரிஞ்சுக்கோ" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

"அவனுக்கு இத யாரும்மா எழுதிச் சொல்றது?" என்று மாமாவே என்னைக் கேட்டார். "நீயே எழுதிடு, உன் கைதான் பழகிப்போச்சு" என்று கிறிஸ்தினா சொன்னாள்.

மறுநாள் பலகைக்குப் பிசின் அடைத்தார்கள். அதற்கு அடுத்த நாள் படகு இறங்கியது. ஈட்டி கிறிஸ்தினாவின் தம்பி கையில். அவனிடம் கஸ்பர் மாதிரி பாய்ச்சல் இல்லை, போகப்போக வரும். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏறிப் போன எல்லாரும் இறங்கி வந்தார்கள்.

இனி நீங்கள் ஆட்களைக் கூட்டி வருவதானால் மற்ற வழிகாட்டிகளைப் போல முதலில் குலவீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள். வெயிலில் நடந்து களைத்தால் என் வாசலில் உட்காரலாம். தாகம் என்றால் தண்ணீர் தருவேன். வழியில் போகிற யாருக்கும் தருவதுதான்.

உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இப்படிக்கு
கஸ்பரின் மனைவி
பெர்னெத்தா