பக்கத்து வீட்டுச் சத்தம்

மதினி,

இன்று காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்ததும் வெடிமருந்து வாசம் மூக்கில் ஏறியது. சந்து முழுக்கச் சிவப்புக் காகிதத் துணுக்குகள், சாக்கடை மூடியின் இடுக்கில்கூட. நேற்று நம் பம்பாய் டீம் ஃபைனலில் ஜெயித்துவிட்டது. உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டிய சேதி, அதுவும் குதித்துக்கொண்டு சொல்ல வேண்டியது. எனக்கோ, வண்டி தாமதம் என்று ஸ்டேஷனில் அறிவிப்பார்களே, அந்த மாதிரிதான் வருகிறது.

நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். சர்ச்சில் பார்க்கிற பொம்பளைகள் எல்லாம் அழுது தீர்த்துவிடு என்கிறார்கள். வந்தால்தானே அழ. செம்பூர் ஆபீஸுக்குப் போகும் வழியில் போனில் செய்தி பார்க்கிறேன். எங்கோ குண்டு விழுகிறது, எங்கோ பாலம் இடிகிறது, நம் தாராவியை இடித்துக் கட்டுவதைப் பற்றி மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். விரலால் தள்ளிவிட்டுப் போகிறேன்.

நீங்கள் எந்தச் செய்தியையும் அப்படித் தள்ளியதில்லை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடித்து வந்து, அடுப்படி ஓரம் கால் நீட்டி உட்கார்ந்து, வெங்காயம் உரித்தபடி செய்தி கேட்பீர்கள். முகம் தெரியாதவர்களுக்காக நிஜமாகவே அழுவீர்கள். நான் பார்த்துவிட்டால் வெங்காயத்தின் மேல் பழி போடுவீர்கள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எட்டி, மேட்ச மாத்து" என்பீர்கள். ஒருநாள் எனக்கு எரிச்சலாகிவிட்டது.

"இப்பதான அழுதீங்க மதினி, அதுக்குள்ள மேட்சா?"

"அழுதது பொய்யா? சிரிக்கப்புடாதுன்னு அந்தச் செய்தியில சொன்னானா?" என்றீர்கள். ரிமோட்டை எடுத்து மேட்சைப் போட்டேன்.

நம் வீட்டு டிவி நெட்டில் ஓடுவது. அக்கம்பக்கத்தில் எல்லாம் கேபிள். அதனால் சந்தில் கூச்சல் கேட்டு முடிந்த பிறகுதான் நம் டிவியில் பந்து போடுபவன் ஓடிவரவே தொடங்குவான். சிக்ஸரா, விக்கெட்டா தெரியாது. ஏதோ ஒன்று வரப்போகிறது என்பது மட்டும் தெரியும். இப்படி ஒரு மேட்ச் பார்ப்பதற்குப் பேசாமல் கேபிள் போடலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நீங்கள் மசியவில்லை. "பத்திரிக வந்தபெறகுதானட்டி கல்யாணத்துக்குப் போறோம்?" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உதட்டைக் கடித்தபடி திரையையே பார்ப்பீர்கள்.

ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தும், நெஞ்சு வலித்த அன்று அதன் வாசலை எட்டும் முன்பே போய்விட்டீர்கள். அடக்கம் முடிந்து வந்ததும் டிவி மேல் துணி போர்த்தினோம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றே சந்து முழுக்க டிவிகள் ஊமையாகிவிட்டன. இழவு வீட்டில் டிவி போடாதவரை மற்ற வீடுகளிலும் சத்தம் வைப்பதில்லை அல்லவா, இடையில் இருப்பது ஒரு சுவர்தானே. பாய் வீட்டிலும் மராத்திக்காரர் வீட்டிலும் அதே வழக்கம்தான். மேட்ச் நாட்களில்கூட வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகும் அண்ணன் துணியை எடுக்கவில்லை.

நேற்று ஃபைனல், பகல் மேட்ச். எதிர்வீட்டு மராத்தி அம்மா, நம் மாவ்ஷி, ஒரு கிண்ணத்தில் அவல் உப்புமா கொண்டுவந்தார். மூடிக் கிடந்த டிவியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "குச் நஹீ, ஐசேஹீ ஆயீ" என்று, சும்மா வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். சந்தே எங்களுக்காகக் காத்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டிவி போடட்டுமா அண்ணே?"

அண்ணன் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். பிறகு, "போட்டா அவ போய்ட்டான்னு ஆயிரும்லா" என்றார்.

"போய்ட்டாங்கல்லா அண்ணே."

அதைச் சொன்னபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுந்து துணியை எடுத்து மடித்து வைத்தேன். வாசல் வரை கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் பாய் வீட்டில் கேட்டது, பிறகு மாவ்ஷி வீட்டில், பிறகு எந்த வீடு என்று பிரிக்க முடியவில்லை.

முதல் கூச்சல் வந்தது. நம் டிவியில் பந்து இன்னும் போடுபவன் கையில்தான் இருந்தது. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. சட்டென்று அடுப்படி ஓரம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. திரும்பிய பார்வையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"எனக்கு இந்த ஆட்டமே புரியாதும்மா. அந்தச் சத்தம் கேட்டதும் அவ மூஞ்சியத்தான் பாப்பேன். இத்தன வருசமும் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இது உங்களுக்குத் தெரியுமா மதினி? தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் திரையை விட்டுக் கண்ணை எடுத்ததே இல்லை.

நான் எழுந்துபோய் அடுப்படி ஓரம் உட்கார்ந்தேன். அடுத்த கூச்சல் வந்தது. அண்ணன் திரும்பினார். எனக்குள் சந்தோஷம் என்று எதுவும் இல்லை, இருப்பது போலக் காட்டவும் வரவில்லை. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி மேட்ச் உள்ள நாளெல்லாம் நான் அங்கேதான் உட்காரப்போகிறேன்.