கிணறு வத்தினது என் கையாலயா?

என்னங்க, இன்னிக்கு அலமாரியத் தொடைக்கையில உங்க பழைய வேலைச் சட்டை கையில வந்துச்சு. எத்தனை தடவை தொவைச்சாலும் அந்த ஈரக் கல்லுப் பொடி வாசம் போகல. உக்காந்து உங்ககிட்ட பேசணும்போல இருந்துச்சு. நம்ம சாஆ ஊரு அம்மன் கோயில் கிணறு வத்திப்போச்சுங்க. பழி என் மேல.

கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அபிஷேகத்துக்கு நான்தானே தண்ணி இறைக்கிறேன். நீங்க கண்ண மூடினப்புறமும் நிறுத்தல. போன வாரம் கோயில் தலைவர் எல்லார் முன்னாடியும் சொல்றாரு: "அக்கா, தப்பா நினைக்காதீங்க லா. தாலி இல்லாத கை பட்டுச்சு, ஆத்தா கோவிச்சுக்கிட்டா."

"அலமாக்! பின்னால மலையக் குடைஞ்சு டனல் போடறாங்களே, அது தெரியல, என் கழுத்து மட்டும் தெரியுதா தம்பி?"ன்னேன்.

"டனல் எங்கயோ இருக்கு. கருங்கல்லுக்குள்ள தண்ணி எப்படிக்கா ஓடும்?"

சிங்கப்பூர் டனல் வேலையிலேர்ந்து லீவுல வந்தப்ப, அன்னதான அரிசி மூட்டையக் காட்டி எனக்குச் சொன்னீங்களே, அதையே சொன்னேன். அடுக்குக்கு நடுவுல ஒரு மூட்டைய உருவினா, அது சுமந்த பாரம் பக்கத்து மூட்டைங்க மேல ஏறும். சில எடம் இன்னும் இறுகும். ஓட்டைய ஒட்டின எடம் பிடிப்பில்லாம தளரும். பாறையும் அப்படித்தான். நெருக்கிப் புடிச்சிருந்த வெடிப்பு, குடைஞ்சதும் வாயத் தொறக்கும். தண்ணி அந்த வழியா டனலுக்கு எறங்கிடும்.

"அப்ப ஆத்தா மேலயும் தப்பில்ல, அக்கா மேலயும் தப்பில்ல"ன்னு பொருளாளர் சம்சாரம் சிரிச்சுட்டா.

நான் விடல. டனல் ஆபிஸுக்கே போய் அங்க இருந்த ஒரு சீன இன்ஜினியர் பையனக் கூட்டிட்டு வந்தேன். உள்ள தண்ணி கசியுது, சிமெண்டுப் பால் அடிச்சு அடைக்கிறோம், ஆனா கிணறு பழையபடி ஊறும்னு வாக்கு குடுக்க முடியாதுன்னான்.

"சரி, டனல்தான். ஆனாலும் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? இனி வேற யாராச்சும் தண்ணி எடுக்கட்டும்"னாரு தலைவர். பாறைகூட விட்டுக் குடுத்துருச்சுங்க, இந்த மனுஷன் குடுக்கல!

நேத்து வெள்ளிக்கிழமை. குழாய்த் தண்ணிய கொடத்துல ரொப்பி இடுப்புல வச்சுக்கிட்டுப் போறேன், தலைவர் வாசல மறிச்சு நிக்கறாரு. "அம்மனுக்கு நீ வேலக்காரி இல்லடி, மக"ன்னு சொல்வீங்களே, அதான் நெஞ்சுல வந்து நின்னுச்சு.

"தள்ளுங்க தம்பி. பெத்தவளக் குளிப்பாட்ட மக வந்திருக்கேன்"ன்னேன்.

அசையல. நானும் நிக்கல, உரசிக்கிட்டே உள்ள போயிட்டேன். கொடத்துத் தண்ணி அவரு வேட்டியில சிந்துச்சு. தொடைச்சுக்கட்டும்.