ராக்கப்பண்ணனின் தீச்சட்டி

சேசு மரி சூசை துணை

சென்னை, 4.3.2003

அன்பும் மரியாதையும் உள்ள அம்மாவுக்கு எட்வின் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் கழுத்துக் கட்டி கரைந்து வருகிறதாம், டாக்டர் சொன்னார். முடிதான் கொட்டிவிட்டது. பட்டறையிலிருந்து பார்க்க வந்தவர்கள், "வேளாங்கண்ணி மொட்டையா?" என்று கேலி செய்தார்கள்.

அடுத்த கட்டிலில் பழனிசெட்டிபட்டி ராக்கப்பண்ணன் இருந்தார். மருந்து ஏறும் நேரமெல்லாம் முல்லையாற்றுக் குளியல், பன்னீர் திராட்சை என்று இருவரும் நம் ஊர்ப்பக்கமே சுற்றிக்கொண்டிருப்போம். ஒருநாள், "எனக்குன்னு கேக்க வாய் வரல தம்பி. நீ பொழச்சு எந்திரிச்சா வீரபாண்டி ஆத்தாளுக்கு நான் தீச்சட்டி எடுக்கிறேன். எனக்காக நீ ஒங்க மாதாகிட்ட கேளு" என்றார். பூசைக்கே போகாத நான் அன்றிலிருந்து அவருக்காகச் செபமாலை சொல்கிறேன்.

போன வாரம் அவரை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். "இனி மருந்து வேணாம்னு சொல்லிட்டாக" என்று சிரித்தார். அந்தக் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். அவருக்கும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நர்ஸ் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் அவரால் முடியாமல் போனால், அந்தச் சட்டியை நான்தான் எடுக்க வேண்டும். பங்குச்சாமியாரிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லிவையுங்கள் அம்மா.

உங்கள் மகன்
எட்வின்