அத்தை போட்ட ஓட்டு

பாப்பு,

இன்று காலை உன் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு உன் கட்சிக் கரைப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. நீ போனதால் காலியான வார்டுக்கு இடைத்தேர்தல் வருகிறது. "உங்க நாத்தனார் இடத்துல நீங்களே நில்லுங்கக்கா" என்று கட்சிக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள். புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ முதல் தடவை நின்றதுதான் ஞாபகம் வருகிறது. சுயேச்சை, சீப்புச் சின்னம். தெருப் பெண்கள் எல்லோரும் கொண்டையில் சீப்பைச் செருகிக்கொண்டு உனக்காக வீடு வீடாக ஏறி இறங்கினோம். எண்ணிப் பார்த்தால் நம் தெருவிலேயே உனக்கு ஓட்டு சரியாக விழவில்லை. நீ வீட்டுக்கு வந்து முதலில் உன் அம்மாவைத்தான் பிடித்தாய்.

"யம்மா, நீயாவது எனக்குப் போட்டியா?"

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"உனக்குத்தான்டி போட்டேன். சின்னம் மட்டும் நம்ம சின்னம்."

"அது எப்படிம்மா எனக்கு வரும்?"

"உங்கப்பா காலத்துலேருந்து போட்ட சின்னம். பாத்ததும் கை தானா போயிடுச்சு. மனசு உன்கிட்டதான் இருந்துச்சு."

அடுத்த வீட்டு அக்காவும் அதையே சொன்னாள். நீ அழுவாய் என்று நினைத்தேன். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது. "என் பேரை மறந்துடுவாங்க அண்ணி, சின்னத்தை மறக்க மாட்டாங்க" என்றாய். அந்த வருஷமே அந்தச் சின்னத்துக் கட்சியில் சேர்ந்தாய்.

சிதம்பரத்தில் மகளிர் கூட்டம் என்று என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாய். நான் பந்தல் ஓரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில், மேடையில் பேசியதையெல்லாம் நீதான் எனக்குச் சொன்னாய்.

"ஆதியில கட்சின்னு ஒண்ணு இல்லையாம் அண்ணி. சபையில ஒரே நெனப்பு உள்ளவங்க ஒரு பக்கமா சேந்து உக்காந்தாங்களாம். அதுலேருந்துதான் கட்சி வந்துச்சாம்."

"கல்யாணப் பந்தியில நாங்களும் அப்படித்தான் உக்கார்றோம். அதுக்கு ஒரு கொடியா?"

"கிண்டல் பண்ணாத. எதிர்ல உக்கார்றவங்களும் வேணும். எல்லாரும் சமைச்ச வீட்டு ஆளுங்களாவே இருந்தா, சாம்பார்ல உப்பு இல்லன்னு யாரு சொல்றது?"

அடுத்த தேர்தலில் ஜெயித்தாய். நம் தெருவுக்குச் சேர வேண்டிய மழைநீர் வாய்க்காலை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டது உன் கட்சிதான். மன்றத்தில் நீ எழுந்து கேட்க முடியவில்லை. கட்சி முடிவு என்றால் கை தூக்கித்தான் ஆகவேண்டும். அப்போது எதிர்க்கட்சி மல்லிகா எழுந்து, "மழை வந்தா அவுங்க தெருவுல முட்டி மட்டும் தண்ணி. அவுங்க கேக்க முடியாது, நான் கேக்குறேன்" என்றாளாம். வாய்க்கால் வந்தது. அன்றைக்குப் பண்ருட்டிப் பலாவில் பாதியை வெட்டி அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாய்.

"நம்ம ஆளுங்க பாத்தா என்னடி ஆவுறது?" என்றேன்.

"பலாச்சுளையில என்ன கட்சி அண்ணி?"

உன்னைக் கொண்டுபோன அன்று நம் தெரு முனையில் இரண்டு கொடிகளும் பாதிக் கம்பத்தில் இறங்கியிருந்தன. அவர்கள் கொடியை மல்லிகா தன் கையாலேயே இறக்கினாள். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது அழவில்லை பாப்பு. புடவையை உதறி மேலே வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. நிற்கிறேன் என்றே சொல்லப் போகிறேன். மன்றத்தில் பேசத் தெரியாவிட்டாலும் நீ சொன்ன உப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதிரில் மல்லிகாவும் இருக்கிறாள்.

அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். அன்று போலவே கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"நில்லு, நில்லு. என் ஓட்டு பாப்புக்குத்தான்" என்றார்.

பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னம் கட்சியுடையது, பேர் என்னுடையது, அத்தையின் மனசோ உன்னிடம். அந்த ஒரு ஓட்டு யாருக்குப் போய்ச் சேரும், பாப்பு?