ஏறுங்க என்று நான் சொன்னால்

ஆலங்கரை,
4.10.93, திங்கள்.

அன்புள்ள செவ்வந்திக்கு,

தையல்நாயகி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். அதற்கு முன் ஒரு வரியைப் படித்துவிடு. பாதியில் வார்டன் கூப்பிட்டால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். வருகிற வெள்ளிக்கிழமை உன் அப்பா எங்கள் காரில் ஏறக் கூடாது.

காலாண்டுப் பரீட்சைத் தாளைத் திருத்தி எழுதுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்து இதை எழுதுகிறேன். சாமிதுரை அத்தான் கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் பேனாவை மூடிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உங்கள் தெருவுக்கு நானே வந்து சொல்ல முடியாது. அறுப்புச் சண்டைக்குப் பிறகு தெருமுனையில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அத்தான்தான் கொண்டுபோய் விடுகிறார். உன் வீட்டுக்குத் தபால் போடலாம் என்றால், ஊர்த் தபாலாபீஸ் எங்கள் வீட்டு முன் அறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கவரையும் அப்பா புரட்டிப் பார்த்த பிறகுதான் பை வெளியே போகும். அதனால்தான் சீர்காழியில் இருக்கும் உனக்கு எழுதுகிறேன். நாளை காலையில் டவுனில் என் பள்ளிக்கூட மதிலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுவேன், அது அப்பா கைக்கு வராது. புதன்கிழமை உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அறுப்பில் நடந்ததை உன் அம்மா உனக்கு முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் செல்லதுரை சித்தப்பா கதிர் அறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டார் என்றுதானே சொன்னார்கள்? அது பொய். குத்தகை நிலக் கேஸ் உங்கள் பக்கம் தீர்ந்த மறுவாரம், விடியும் நேரத்தில், எங்கள் வீட்டார்தான் வெளியூரிலிருந்து ஒரு லாரி ஆட்களைக் கொண்டுவந்து உங்கள் குறுவையை அறுத்தார்கள். சித்தப்பா குத்தகைப் பதிவுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருக்கிறார். அத்தான் அரிவாளை வீசினார். தாளோடு மூன்று விரல்கள் வயலில் விழுந்தன. அன்று மத்தியானம் சாப்பிடும்போது அத்தானே இதைச் சொன்னார். "காகிதத்தப் புடிக்க அஞ்சு வெரலு எதுக்கு மாமா, ரெண்டு போதாதா" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அப்பா சிரித்தார். அம்மா ரசம் ஊற்றினார்கள்.

கதிர்க்கட்டுகள் எங்கள் களத்தில் இறங்கியபோது நான் அங்கேதான் நின்றேன். ஒரு கட்டில் நெல்தாள் சிவப்பாகக் காய்ந்திருந்தது. அதை மாட்டுக்குப் போட்டார்கள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேடை ஏறினால் அப்பா என்ன பேசுவார் என்று உனக்குத் தெரியும். உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது நம் ஆட்சி என்பார். அதைக் கேட்டு உன் அப்பாவும் கை தட்டியிருக்கிறார். அந்தப் பதிவேட்டில் உன் தாத்தா பெயர் ஏறிய அந்த ஒரு வேலி நிலம் இத்தனை வருஷமாக எங்கள் வீட்டை நிம்மதியாக இருக்க விடவில்லை. தீர்ப்பு வந்த அன்று அப்பா சாப்பிடவே இல்லை. மறுநாள் கார் வாங்க வேண்டும் என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேட்டைக்குப் போனோம். அப்துல் ஜலீல் என்று ஒருவர், சவுதியிலிருந்து வந்தவர், மறுபடி போகப் போகிறார். அவருடைய காண்டெசா காரைப் பார்க்கத்தான் போனோம். நல்ல காரியத்துக்குப் பெண் குழந்தை கூட வரட்டும் என்று அப்பா என்னையும் அழைத்துப் போனார். கருநீல வண்டி. நான் ஆசையோடுதான் போனேன், செவ்வந்தி. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஜலீல் பாய் அந்த வண்டியை வீட்டுப் பிள்ளை போலக் காட்டினார். பானெட்டைத் திறந்து, ஜப்பான் இஞ்சின், அஞ்சு கியர் என்றார். நூறு தொடுமா என்று அத்தான் கேட்டதற்கு, "நூறுல போறப்ப மடியில டீ டம்ளர வச்சுக்கங்க தம்பி, தளும்புச்சுன்னா வண்டிய சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார். ஏசி போட்டுக் காட்டினார். எல்லாரும் கேட்கிற கேள்விகள்தான் முதலில் வந்தன. பிறகு வந்தவை அப்படி இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்குமா என்று அப்பா கேட்டார். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டலாமா என்று கேட்டார். பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி செய்யலாமா என்று அத்தான் கேட்டார். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாய் விசாரித்தார். அத்தான் கதவை இன்னொரு தடவை மூடித் திறந்து பார்த்தார். முன்னால் கட்சிக்கொடிக்குக் கம்பி வைக்க இடம் பார்த்தார்கள். கொடி பறந்தால் எந்தச் செக்போஸ்டிலும் கை காட்ட மாட்டான் என்றார் அப்பா.

பிறகு டிக்கியைத் திறந்தார்கள். ஜாக்கியையும் சாமான்களையும் வெளியே எடுத்துப் போடச் சொல்லி அத்தான் முழம் போட்டார். அப்படி எதை ஏற்றப் போகிறீர்கள் என்று பாய் கேட்டார். விதைநெல் ரெண்டு மூட்டை என்றார் அப்பா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "தையலு, ஏறிப் படு, பாப்போம்" என்றார்.

விளையாட்டு என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே ஏறி, காலை மடக்கிப் படுத்தேன். மூடிவிட்டார்கள். உள்ளே ரப்பர் வாடையும் பெட்ரோல் வாடையும். "கத்து" என்று அப்பா சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. அப்பா என்று கூப்பிட்டேன். இன்னும் கத்தச் சொன்னார். கத்தினேன். காலால் உதைத்தேன். மூச்சு முட்டியது. யாரும் திறக்கவில்லை. கடைசியில் ஜலீல் பாய்தான் அத்தான் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் திறந்தார். "புள்ளைய உள்ள வச்சு என்னங்க வெளையாட்டு இது" என்றவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அப்பா சிரித்த முகமாக, "சத்தமே வெளிய வரல பாய், நல்ல வண்டி" என்றார். அத்தான் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி என் உச்சந்தலையில் கையை வைத்துப் பார்த்தார். சரியாக இருக்கும் என்றார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று திருத்துறைப்பூண்டி ரோட்டில் அத்தான் வண்டியை எடுத்தார். ரோடு முழுக்க நெல் காய்ந்தது. ஒரு அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய நாய் நெல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. ஹாரன் அடிக்கவில்லை. அந்த அம்மா குதித்து ஒதுங்கிவிட்டார்கள். நாய் எழுந்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றது. வண்டியின் அடியில் இரண்டு முறை அது மோதிய அதிர்வு என் பாதத்தில் தெரிந்தது. நிறுத்தி இறங்கியதும் அப்பா முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பின்கால்கள் நெல்லை உதைத்துக்கொண்டே இருந்தன. அத்தான் ஒரு பிடி வைக்கோலால் பம்பரைத் துடைத்துவிட்டு, ஒடியல மாமா என்றார். அந்த அம்மா மண்ணை வாரித் தூற்றக் கையை ஓங்கினார்கள். அப்பாவின் கரை வேட்டியைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஜலீல் பாய் பம்பரில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தார். பேப்பர் வேலை பாக்கி இருக்கிறது, வண்டியை வியாழக்கிழமை சாயந்திரம் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். அவருக்கு விற்க மனசில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்பா விடமாட்டார்.

அதுவரைகூட எனக்குப் புரியவில்லை. இன்று காலையில்தான் புரிந்தது.

உன் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் வழக்கம்போலக் கொல்லைப்புறம் வந்து நின்றார். அப்பா அவரை வாசல் பக்கம் வரச் சொல்லி, பெஞ்சில் உட்காரச் சொன்னார். வெள்ளி டம்ளரில் காப்பி கொடுக்கச் சொன்னார். உன் அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே குடித்தார், செவ்வந்தி. டம்ளரைக் கழுவி வைக்க இடம் தேடினார். நடந்தது நடந்துபோச்சு, இனிச் சமாதானம், நிலத்தை உன் பெயருக்கே எழுதிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் போய்க் கையெழுத்துப் போடலாம் என்று அப்பா சொன்னார். "பஸ்ஸுல எதுக்கு, புது வண்டி வருது, நெல் டிப்போ எதுக்க வந்து நில்லு, ஏத்திக்கிறோம், ராசா கணக்கா வந்து எறங்கு" என்றார். உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, ஆளைக் கூட அழைச்சுக்கிட்டு வரலாங்களா என்று கேட்டார். அப்போது அப்பா என்னைக் கூப்பிட்டார். தையலும் வருது, பொம்பளப் புள்ள உக்கார்ற வண்டியில உனக்கென்ன பயம் என்றார். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். "பாப்பா வருதுன்னா ஒண்டியா வரேங்க" என்றார். நீயே ஒரு வார்த்தை சொல்லும்மா என்று அப்பா சொல்ல, எப்போதும் சொல்கிற மாதிரி, "வெள்ளிக்கிழமை வா வீரையா" என்று சொல்லிவிட்டேன்.

நான்தான் சொன்னேன்.

உன் அப்பா தெருவைத் தாண்டியதும் அப்பா அத்தானிடம், வெண்ணாத்துல முறை என்னைக்கி மாறுது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் சட்ரஸ் மதகத் தூக்குறாங்க, ஆறு நாளைக்கி நிக்காம ஓடும் என்றார் அத்தான். நல்லதாப் போச்சு, கல்லக் கட்ட வேண்டியதில்ல, கடலுக்கே போயிரும் என்றார் அப்பா. நான் பக்கத்திலேயே காப்பி டம்ளரோடு நின்றேன். ஆற்றில் ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் இல்லை என்கிற முறைக் கணக்கெல்லாம் பெண் பிள்ளைக்கு எங்கே தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். நாம் எத்தனை தடவை சட்ரஸ் திறக்கும் நேரத்தில் பனங்கொட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கரையோடு ஓடியிருக்கிறோம்? ஒரு தடவையாவது எட்டிப் பிடித்திருக்கிறோமா? அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். வீரையனும் தையலு ஒசரந்தான் மாமா, அளவு எடுத்தாச்சு என்றார்.

அம்மாவிடம் ஓடினேன். பாதி சொல்லும்போதே என் வாயை மாவுக் கையால் பொத்தினார்கள். நீ ஒண்ணும் கேக்கல என்றார்கள். பிறகு பளாரென்று அறைந்தார்கள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இதற்கு மேல் எங்கள் வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

நான் காரில் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். ஆனால் அப்புறம் வேறு வழி பார்ப்பார்கள். அது எந்த வழி, எந்த நாள் என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் போவேன். முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குப் போ. சித்தப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு உன் அம்மா காத்தாயி தினமும் அங்கே வருகிறார்கள். வார்டனிடம் சித்தப்பாவுக்கு முடியவில்லை என்று சொல், அது பொய்யில்லை. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் அப்பாவை வெளியூருக்கு அனுப்பிவிடச் சொல். இதைக் கிழித்துவிடாதே. போலீசில் காட்ட வேண்டுமென்றால் காட்டு. எழுதியது நான்தானா என்று சந்தேகப்பட்டால், என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து எழுதச் சொல்லட்டும். எழுதுகிறேன்.

ஒருவேளை உன் அப்பா இதை நம்பாமல், வெளியூருக்குப் போக மறுத்து, நெல் டிப்போ எதிரே வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். வண்டி நின்றதும் என்னைத்தான் கூப்பிடச் சொல்வார்கள். கண்ணைக் காட்டினால் அத்தான் பார்த்துவிடுவார். கத்தினால் பிடித்துத் தள்ளி ஏற்றிவிடுவார்கள்.

நாம் எட்டாவது படித்தபோது உங்கள் வீட்டில் நான் கஞ்சி குடித்தேனே, நினைவிருக்கிறதா? குடித்துவிட்டு, போயிட்டு வரேன் மாமா, நீங்க சாப்பிடுங்க என்றேன். உன் அப்பா பதறி வாசலை எட்டிப் பார்த்தார். "அப்படிக் கூப்புடாத பாப்பா, யாரு காதுலயாச்சும் வுழுந்தா எனக்குத்தான் ஒத வுழும்" என்றார். அன்றிலிருந்து இன்று காலை வரை, என் அப்பா வயசுக்காரரை, வா வீரையா, போ வீரையா என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். உன் காதில் விழும்போதெல்லாம் நீ ஒன்றும் சொன்னதில்லை.

அதனால் உன் அப்பாவிடம் இதை மட்டும் மனப்பாடமாகச் சொல்லி வை. வெள்ளிக்கிழமை காருக்குள்ளிருந்து நான் அவரை மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். என் அப்பா பக்கத்தில் இருந்தாலும் கூப்பிடுவேன். வாங்க மாமா, ஏறுங்க என்று சொல்வேன். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொல்வேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் ஏறக் கூடாது. நின்று பதில் சொல்லவும் கூடாது. டிப்போவுக்குள் கூட்டத்தில் புகுந்து ஓடச் சொல். அதற்கப்புறம் வண்டிக்குள் என்ன நடந்தாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்.

சித்தப்பாவின் கை சீக்கிரம் ஆறட்டும். நீ நன்றாகப் படி. மாமா நூறு வயசு இருக்கட்டும்.

உன்
தையலு