சைமனின் கை

இயேசுவுக்கே புகழ். அப்பாவுக்கு மும்பையிலிருந்து அன்னாள், போனில் சொல்ல வராமல் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டு உடைந்து உள்ளங்கையில் மூன்று தையல், அவ்வளவுதான். தானாக உடையவில்லை, நான்தான் குத்தி உடைத்தேன். உங்கள் மகள்தானே.

என் பிள்ளை ஜெப்ரினின் தொடைக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. குழந்தைகளுக்கு வரும் பல கட்டிகள் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும். எந்த மரபணு ஓயாமல் வேலை செய்கிறது என்று அளந்தால்தான் இனம் பிரியும். தசையை உருவாக்கிவிட்டு அடங்க வேண்டிய மரபணுக்கள் இவனிடம் ஷிப்ட் முடிந்தும் வேலையை விடாமல் நிற்கின்றன. தசைப் புற்றுநோய், அப்பா. சைமன் ஓட்டிய வண்டியிலிருந்து விழுந்ததால் வந்ததல்ல.

"வண்டி சறுக்கிகினு போயிடுச்சிப்பா, அடிக்காதீங்க" என்று தம்பி சைமன் அலறியது அன்று போனில் எனக்கும் கேட்டது. "புள்ளைய நொண்டியாக்கிட்டியேடா" என்று நீங்கள் சுரங்கத்துக்குப் போடும் மைன்ஸ் பூட்ஸ்காலால் மிதித்து அவன் கையை முறித்தீர்கள். "நல்லா போடுங்கப்பா" என்றேன் நான். பிறகு, அடிபட்ட வீக்கம்தானே என்று பிள்ளைக்கு மூன்று வாரம் எண்ணெய்க்கட்டுப் போட்டோம்.

மருந்து உண்டு. நாள் கடத்தத்தான் கூடாது. புதன்கிழமை ரயிலில் மூவரும் வாருங்கள். பிள்ளையின் எக்ஸ்ரேக்களோடு, அவன் போர்த்திக்கொள்ளும் என் பழைய சேலையையும் துவைக்காமல் எடுத்து வாருங்கள். எனக்கு வேண்டும். நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது; இன்னும் ஒன்றே ஒன்று.

ரயிலில் ஜெப்ரின் சைமன் பக்கத்திலேயே இருக்கட்டும். தூக்குவதற்கு அவன் கை இன்னும் கூடியிருக்காது. தம்பியிடம் கேட்டுவிட்டு நீங்கள் பிள்ளையைத் தூக்குங்கள்.

அன்னாள்