தொப்பிக்காரன் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீவியில் அந்தத் தொப்பிக்காரன் வந்தான். அக்கம்பக்கத்தில் கலர் டீவி வந்துவிட்டது, நம் வீட்டில் இன்னும் கறுப்பு வெள்ளைதான். பெரிய தொப்பி, இடுப்பு உறையில் இரண்டு கைத்துவக்கு, சிரிக்கத் தெரியாத முகம், நெற்றியில் வெள்ளை விழுந்த குதிரை. ஊமைப் படம், வாய் அசைகிறது, பேச்சு இல்லை. எனக்கு மட்டும் காதோரம் உம்முடைய குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நீர் உட்காரும் கதிரையில் உம்முடைய கம்பளிக் கோட்டுத்தான் கிடந்தது.

இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உமக்கு வாசிக்கத் தெரியும், எனக்கு எழுதத் தெரியாது. நம் காலம் முழுக்க அப்படித்தானே போனது.

இதே படத்தை யாழ்ப்பாணத்துப் படக் கொட்டகையில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? மறுநாள் நான் மலாயாவுக்குக் கப்பலேற வேண்டும், ரெயில் இஞ்சினுக்குக் கரி போடும் வேலைக்கு. நமக்குக் கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதுப் பெண்ணைப் படத்துக்குக் கூட்டிப் போகிறான் என்று உம்முடைய அம்மா ஏசினார்.

பேச்சுக்குப் பதிலாக நடுநடுவே எழுத்து வரும். நீர் மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிசு படித்தவர். என் தோளோடு சாய்ந்து ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னீர். கள்ளனுக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு குரல். முன்னால் இருந்தவர்களும் திரும்பி உம்மிடம் கதை கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியில் அவன் அந்தப் பெண்ணை அவளுடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி ஏதோ சொன்னான். திரை நிறைய எழுத்து. நீர் பேசாமல் இருந்தீர். நான் முழங்கையால் இடித்துக் கேட்டேன்.

"போட்டு வாறன் எண்டு சொல்லுறான்."

"அவ்வளவு எழுத்துக்கும் அவ்வளவுதானோ?"

"வெள்ளைக்காரன் நீட்டித்தான் எழுதுவான். நீங்கள் படத்தைப் பாருங்கோ."

மலாயாவில் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம், போய்விட்டு வருகிறேன் என்ற அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனே அவளிடம் திரும்பிப் போயிருப்பான், நான் ஊருக்குப் போகமாட்டேனா? போனேன்.

போன குளிருக்கு உம்மை அம்புலன்சில் ஏற்றியபோது நீரும் அதையே சொன்னீர். படுத்தபடி தலையைத் திருப்பி, "போட்டு வாறன், கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை போங்கோ." நான் சாத்தவில்லை. அன்று தொடக்கம், நீர் எப்போதும் வந்துபோகும் குசினிப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட யாரையும் விடுவதில்லை. மெல்பேர்ன் குளிர் வீடு முழுக்கப் புகுகிறது. காற்றுக்குக் கதவு அசையும்போதெல்லாம் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

ஞாயிறன்று அந்த எழுத்துத் திரும்ப வந்தது. அதே வாசல், அதே பெண். மருமகளைக் கூப்பிட்டேன். பாத்திரம் கழுவின ஈரக் கையைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்து வாசித்தாள்.

"'என்னைப் பாத்துக்கொண்டிருக்காதை, நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டன்' எண்டு சொல்லுறான், மாமா."

குதிரை போய் மறைந்தது. கப்பலேறப் போகிறவன் காதில் அந்தச் சொல் விழக் கூடாதென்று அன்று நீர் விழுங்கியிருக்கிறீர். பிறகு இத்தனை வருசம் என்னோடு இருந்தும் வாய் திறக்கவில்லை.

அப்படியென்றால் அம்புலன்சிலும் மாற்றித்தான் சொன்னீரா? வரமாட்டீர் என்று உமக்குத் தெரிந்தே இருந்ததா?

மருமகள் டீவியை நிறுத்தினாள். கறுத்த கண்ணாடிக்குள் நானும், பக்கத்தில் உம்முடைய கதிரையும். அவள் பின்கதவடியில் நின்று மெதுவாகக் கேட்டாள், "இனிப் பூட்டட்டோ மாமா?"

"வேண்டாம் பிள்ளை, கிடக்கட்டும்."

அங்கே என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன. எனக்கு வாசிக்கத் தெரியாது. நீர் வாசித்துச் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.